எபோவுக்கு மூச்சு போதாதாம்

செக்கொண்டி
பெப்ரவரி 11, செவ்வாய்

தம்பி அட்டோவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். நீ ஜெர்மனியில் முதன்முதலாகப் போட்டு ஆடிய பூட்ஸை, "இது நம்ம குடும்பச் சொத்து, யாரும் தொடக்கூடாது" என்று எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாயே, அதை இரண்டு வருஷமாக நான்தான் காலில் போட்டுக்கொண்டு கரைக்குப் போகிறேன். படகு வரும் நேரத்தில் கரையெல்லாம் செதிலும் சேறும். செருப்பு வழுக்கும். உன் பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்கள் சேற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்கின்றன. ஜெர்மன்காரன் மீன்காரிகளை நினைத்துத்தான் செய்திருப்பான் போல. முன்பக்கம் பழந்துணி திணித்தால் அளவும் சரியாகிவிடுகிறது. தலையில் சாளைக் கூடையோடு நான் வந்தால், எனக்குப் பக்கத்து அடுப்பில் மீன் புகை போடுகிறாளே மன்சா, அவள் கத்துகிறாள்: "வழி விடுங்கடி, சென்டர் ஃபார்வர்டு வர்றா!" வலது பூட்ஸில் ஒரு குமிழ் போய்விட்டது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நலம். நான் நலம், அடுப்பு நலம், இடுப்பு மட்டும் நலமில்லை. நீயும் டைனாவும் பிள்ளை ஃபீஃபியும் எப்படி இருக்கிறீர்கள்?

ரேடியோவில் கேட்டோம். தேசிய அணிக்கு முதல் கறுப்புக் கோச், செக்கொண்டி அட்டோ ஆர்ஹின். இதுவரை வந்த வெள்ளைக்காரர்களுக்கு நம் பையன்களின் பெயரைக்கூடச் சரியாகக் கூப்பிடத் தெரியாது. மன்சா கூடையைக் கீழே போட்டு ஆடினாள். மீனை நாய் தின்றது. அதற்கும் நீதான் பொறுப்பு.

என் மகன் எபோ ரேடியோவை அணைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய், கால் புதையும் மணலில் இருட்டும்வரை இடது காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். "இனி எபோவுக்கு என்ன, மாமன் கோச்சு" என்று தெருவே சொல்கிறது. வாயை மூடுங்கள், என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

இன்று செவ்வாய், கடலுக்கு ஓய்வு நாள், படகு போகாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் தப்பு இருந்தால், என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி உன்னை மட்டும் படிக்க வைத்த நம் மாமாவைத் திட்டு.

குளிரில் நின்று கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அக்கா அராபா


அக்ரா
மார்ச் 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் இடுப்புக்கு டைனா ஒரு தைலம் கொடுத்தனுப்புகிறாள். அக்ராவில் குளிர் கிடையாது. ஜெர்மனியிலிருந்து நான் திரும்பி ஆறு வருஷமாகிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

நாற்பது பேரைப் பயிற்சி முகாமுக்கு அழைக்கிறேன். நவம்பரில் லேகோஸில் நடக்கும் கோப்பைக்கு இவர்களில் இருபத்திரண்டு பேர் போவார்கள். எபோவுக்கும் அழைப்பு வரும். முகாமில் அவன் என்னை மாமா என்று கூப்பிடக்கூடாது. ஃபீஃபியும் அழைக்கப்பட்டிருக்கிறான். அவனும் அப்பா என்று கூப்பிட மாட்டான். இருவரும் ஆடுவது ஒரே இடம், இடது ஓரத்து லெஃப்ட் அவுட்.

பூட்ஸைத் திரும்பச் சுவரில் மாட்டிவிடுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி அட்டோ


செக்கொண்டி
ஏப்ரல் 21, செவ்வாய்

அருமைத் தம்பிக்கு,

தைலம் நல்ல தைலம். தடவினால் இடுப்புவலி போய்க் கண்ணெரிச்சல் வருகிறது. டைனாவுக்கு என் நன்றி. உனக்குத் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா?

எபோ முகாமிலிருந்து எழுதினான். "மாமா என்னைப் பாக்காத மாதிரியே பாக்குறார்" என்கிறான். பார்த்துக்கொள், பார்த்துக்கொள், கண்ணுக்கு வரி கிடையாது.

இங்கே கரையில் பெண்கள் என்னை விடுகிறார்களா? "தம்பி கோச்சு, மகன் அவனுக்கு வாரிசு. எங்க புள்ளைங்க பந்து பொறுக்கவா போகணும்?" என்றாள் மன்சா. "பந்து பொறுக்கவும் ஒரு தகுதி வேணும்டி" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அன்றைக்கு எனக்கு அடுப்பு மூட்ட நெருப்பு தரவில்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர் என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்குக் கவலை இல்லை. ஃபீஃபி நல்ல பிள்ளை. ஆனால் நம் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பிள்ளை தாய் வீட்டுக்குச் சேர்த்தி. ஃபீஃபி டைனா வீட்டு ஆள். உன் வீட்டில் அவன் விருந்தாளி. நாளைக்கு உன் வீடும் உன் பெயரும் உன் நாற்காலியும் வந்து சேருவது உன் அக்காள் மகனுக்கு. விருந்தாளிக்கு நல்ல துண்டு மீனை வைக்கலாம், தப்பில்லை. சட்டியையே தூக்கிக் கொடுப்பார்களா?

விளையாட்டுக்குச் சொன்னேன். யார் நன்றாக ஆடுகிறானோ அவனை எடு. யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

ஒரு கூடை புகைமீன் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். முள் பார்த்துச் சாப்பிடு.

அராபா


அக்ரா
ஜூன் 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா? மீன் வந்து சேர்ந்தது.

இருபத்திரண்டு பேர் பட்டியல் இன்று கொடுத்துவிட்டேன். பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் நீங்கள் அறியவேண்டும் என்று எழுதுகிறேன். எபோ அதில் இல்லை. அவன் இடது கால் நல்ல கால். ஆனால் தொண்ணூறு நிமிடம் ஓட மூச்சு போதாது. லெஃப்ட் அவுட் இடத்துக்கு ஃபீஃபி போகிறான்.

மழைக்காலம். நனையாமல் இருக்கவும்.

அட்டோ


செக்கொண்டி
ஆகஸ்ட் 18, செவ்வாய்

நாடறிந்த கோச், மேன்மை தங்கிய அட்டோ ஆர்ஹின் அவர்களுக்கு மீன்காரி அராபா எழுதிக்கொள்வது.

தங்கள் கை நலமா, கால் நலமா, பட்டியல் எழுதிய விரல் நலமா? இரண்டு மாதம் பதில் போடவில்லை என்று நினைக்கவேண்டாம். இது சாளைப் பருவம். ஒன்பது செவ்வாய் வந்தது. ஒன்பதிலும் எனக்கு வேலை இருந்தது.

எபோவுக்கு மூச்சு போதாதாம். பிறந்த அன்று அவன் அழுத அழுகையில் மூன்று தெரு எழுந்து உட்கார்ந்தது. வலை பாறையில் சிக்கினால் படகுக்காரர்கள் இவனைத்தான் தண்ணீருக்குள் அனுப்புவார்கள். அவன் மேலே வருவதற்குள் எனக்குத்தான் மூச்சு போகும். போகட்டும். மூச்சைப் பற்றி ஜெர்மனியில் படித்தவனுக்கு நான் என்ன சொல்ல?

அக்ரா பத்திரிகையை மன்சாவின் மகன் வாசித்தான். "தன் வாரிசு என்றும் பாராமல் மருமகனை நீக்கிய நேர்மையாளர்." உன் படம் பெரிதாகப் போட்டிருந்தது, நெற்றியில் வெளிச்சத்தோடு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் செதில் இருந்தது, சத்தம் சரியாக வரவில்லை.

நம் குடும்பத் தலைவர் நானா க்வாண்டோ எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார்: "அட்டோ செத்தா எல்லாத்தையும் இவனுக்குக் குடுப்பான். உசிரோட இருக்கறப்ப ஒரு பனியன் குடுக்க மாட்டானா?" பதில் உனக்குத் தெரிந்தால் அவருக்கு எழுது.

ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். நீ பதினாறு வயதில் வெறுங்காலோடு ரயில்வே கிளப் வாசலில் நின்றபோது காவலாள் உன்னை விரட்டினான். நம் மாமா இஞ்சினுக்குக் கரி தள்ளிய அதே உடுப்போடு வந்து, உன் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், "இவன் என் வாரிசு, ஆடவிட்டுப் பாருங்க" என்றார். அன்றைக்கு அவர் உன்னை வாரிசு என்று வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தால், இன்று நீ எந்த நாட்டுக்குக் கோச்?

டைனாவைக் கேட்டதாகச் சொல். ஃபீஃபிக்கு என் ஆசி. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் மூச்சைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அராபா


அக்ரா
செப்டம்பர் 3

அக்காவுக்கு,

நான் சுகம். தாங்கள் கோபமாக இருப்பது தெரிகிறது, ஆகவே சுகமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாமா செய்தது சரிதான். அது வேறு காலம். அப்போது நான் ஒரு கிளப் வாசலில் நின்றேன். இப்போது இந்தக் கண்டமே என் வாசலில் நின்று, கறுப்பன் ஒருவன் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்வானா என்று பார்க்கிறது. எபோவை எடுத்திருந்தால் மறுநாளே அவனுக்கு 'வாரிசு' என்று பெயர் வைத்திருப்பார்கள். அவன் அடிக்கும் ஒவ்வொரு கோலும் என்னுடையதாகியிருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கால்பந்துச் சங்க அலுவலகத்தில் ஆலோசகராக ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். மருமகனை விட்டதற்காக எல்லாரும் என் கையைக் குலுக்கியபோது அவர் மட்டும் வாயைப் பிளந்தார். "சொந்த மகனை எடுத்திருக்கிறாய், அதை யாரும் கேட்கவில்லையே?" என்றார். மகன் எங்கள் குடும்பம் இல்லை என்று விளக்கினேன். அவருக்குப் புரியவில்லை.

எபோவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவன் நலமா?

அட்டோ


செக்கொண்டி
அக்டோபர் 13, செவ்வாய்

தம்பிக்கு,

நான் நலம். இங்கே மழை விட்டுவிட்டது.

'அது வேறு காலம்' என்று எழுதியிருக்கிறாய். மூன்றே சொல்லில் நம் மாமாவை அடக்கம் பண்ணிவிட்டாய். உண்மையில் அவரை அடக்கம் பண்ண எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று.

எபோ நலம். படகுக்காரர்களோடு கிழக்கே போயிருக்கிறான். கிளப்பிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டான். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஜெர்மன்காரர் கேட்டதை மன்சாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சோளமாவு உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுஷர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தம்பி.

லேகோஸில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அராபா


லேகோஸ்
நவம்பர் 22

அக்காவுக்கு,

உடம்பு நலம். மனம் பற்றிக் கேட்காதீர்கள்.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். அரையிறுதியில் ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம். இருபதாவது நிமிடத்தில் ஃபீஃபியின் கணுக்கால் பிசகியது. ஆள் மாற்ற விதியில்லை. நொண்டிக்கொண்டே எழுபது நிமிடம் நின்றான். இடது பக்கம் பந்து போகும்போதெல்லாம் அங்கேயே செத்தது.

கோலுக்குப் பின்னால் நம் கரை மீனவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வலை இழுக்கும்போது பாடும் பாட்டைத் தோற்ற பிறகும் பாடினார்கள். அதில் ஒருவன் மட்டும் பாடவில்லை. சிவப்புத் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தான். எனக்கு ஏனோ அவனையே பார்க்கத் தோன்றியது.

அட்டோ


செக்கொண்டி
டிசம்பர் 8, செவ்வாய்

தம்பிக்கு,

நலம். நலமா?

சிவப்புத் தொப்பி நான் வாங்கிக் கொடுத்தது.

அராபா


அக்ரா
ஜனவரி 18

அக்கா,

உங்கள் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆறு வாரமாக வேறெதையும் வாசிக்கவில்லை. டைனா நலம். ஃபீஃபி ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான்.

என்னை நீக்கிவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். அதே பத்திரிகை, அதே படம்: "சொந்த மகனுக்காக நாட்டைத் தோற்கடித்தவர்." நம் ஊர்க் கணக்கில் நான் யோக்கியன், வெள்ளைக்காரர்கள் கணக்கில் கள்ளன். இரண்டு கணக்கையும் ஒரே ஆட்கள்தான் போட்டார்கள்.

நான் ஜெர்மனியில் முதல் ஆட்டம் ஆடியபோது கூட்டத்திலிருந்து வாழைப்பழம் எறிந்தார்கள். அதைத் தோலுரித்துத் தின்றுவிட்டு ஆடினேன் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பேன், நினைவிருக்கிறதா? தின்னவில்லை அக்கா. குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உடைமாற்றும் அறையில் போய் அழுதேன். என் கதைகளில் பாதி அப்படித்தான்.

மூச்சுக் கதையும் அப்படித்தான். முதல் பட்டியலில் முதலில் எழுதிய பெயர் எபோ. அவனைப் போல் ஒரு லெஃப்ட் அவுட்டை நான் ஜெர்மனியிலும் பார்த்ததில்லை. ஃபீஃபி நான்காவது ஆள். வாரிசை எடுத்தால் ஊர் பேசும் என்பது உண்மை. மகனை எடுத்தால் ஊரில் ஒருவனும் பேசமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தகப்பனின் ஆசையை நேர்மை என்ற துணியில் சுற்றிக் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், உங்களைத் தவிர.

என் பழைய கிளப்புக்கு எழுதியிருக்கிறேன். மே மாதம் எபோவை வரச்சொல்கிறார்கள், ஆடவிட்டுப் பார்ப்பார்கள். கப்பல் ஏற்பாடு என் பொறுப்பு. சுவரில் இருக்கும் பூட்ஸை அவனுக்குக் கொடுங்கள். நான் சாகும்வரை காத்திருக்க வேண்டாம். என் காலும் அவன் காலும் ஒரே அளவு.

அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

அட்டோ


செக்கொண்டி
மார்ச் 9, செவ்வாய்

என் தம்பி அட்டோவுக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? டைனாவை உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல். ஃபீஃபியின் காலுக்கு அவள் தைலத்தையே தடவட்டும், கண்ணில் படாமல்.

எபோ போன வாரம் வந்தான். இன்னும் கறுத்து, தோள் அகன்று, படகுக்கு இப்போது சுக்கான் பிடிப்பவனாகிவிட்டான். பதினெட்டுப் பேர் அவன் சொல்லுக்குத் துடுப்புப் போடுகிறார்கள். உன் கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். ஒன்றும் விடவில்லை, வாழைப்பழத்தையும் விடவில்லை. அவன் சோள உருண்டையை மிளகாயில் தொட்டுத் தின்றுகொண்டே முழுக்கக் கேட்டான். பிறகு விரலை நக்கிவிட்டுச் சொன்னான்: "மாமாவுக்கு எழுதும்மா. ஜெர்மனி ரொம்பத் தூரம், எனக்கு மூச்சு போதாதாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். எனக்கு அந்த வேலை தெரியும். அவன் சாதாரணமாகச் சொன்னான், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்வதைப் போல.

சாயங்காலம் கரையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டு அவன் இடது காலுக்கு நேராக வந்து நின்றது. எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். நானும்தான். அவன் குனிந்து கையால் எடுத்துக் கொடுத்தான்.

நானா க்வாண்டோ அவனைக் கூப்பிட்டுக் கேட்டார், நாளைக்கு அட்டோவுக்கு ஒன்று என்றால் நீ வருவாயா என்று. "வருவேன், முன்னால நிப்பேன், தலைய மழிச்சுக்குவேன், வழக்கம் வழக்கம்தானே" என்றான். ஆகவே அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். நீ செத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

நீ இங்கே வருவதானால் வா. ரயில்வே கிளப்புக்குக் கோச் இல்லை. வாசலில் அதே மாதிரி ஒரு காவலாள் இருக்கிறான், நான் வந்து கையைப் பிடித்து உள்ளே விடுகிறேன். மன்சாவுக்கும் உன்னைக் கேலி பண்ணவேண்டுமாம், ஒரு வருஷத்துக்குச் சேர்த்துவைத்திருக்கிறாள்.

பூட்ஸ் விஷயம். அவன் வருவான் என்று தெரிந்ததும் அதைக் கழுவினேன். வெயில் இல்லை. நீ நிழலில் உலர்த்தச் சொல்லியிருந்தாய், மறந்துவிட்டது. புகை அடுப்பின் மேல்தட்டில், சாளைக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் உன் கடிதத்தை வாசிக்க உட்கார்ந்துவிட்டோம். வலது பூட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பூட்ஸ் சுருங்கி என் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. சாளை நன்றாக வந்திருக்கிறது.

அக்கா அராபா